போஸ் கண்ட சிறிய அலைகள்

குளத்தில் கல்லெறிந்தால் அலைகள் எழுகின்றன. ஓர் அலையின் முகட்டிற்கும் அடுத்த அலையின் முகட்டிற்கும் இடைப்பட்ட தூரம் அலைநீளம் எனப்படும். கண்ணுக்குப் புலனாகாத வானொலி அலைகட்கும் இவ்வளவு உண்டு. மத்திய அலை வானொலியில் அது சில நூறு மீட்டர். சில மில்லிமீட்டர் நீளமே உடைய அலைகளும் உள. அவற்றை ஆராய்ந்த முன்னோடி, கல்கத்தா மாநிலக் கல்லூரிப் பேராசிரியராக விளங்கிய ஜகதீச சந்திர போஸ் ஆவார்.

இத்தகைய மின்காந்த அலைகள் உண்டென்பதை 1888ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் ஆய்வுகளால் நிலைநாட்டினார். அவர் கையாண்டவற்றுள் சிறிய அலையும் ஏறத்தாழ 66 செ.மீ. நீளமுடையது. அது ஒளியைப் போலவே வளைந்து செல்கின்றதா என்று காண, அரை டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள கீல் பட்டகம் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. அலை சிறுத்தால் கருவியும் சிறுக்கும் அன்றோ? போஸ் அலைநீளத்தை 5 மி.மீ. அளவிற்குக் குறைத்தார். அவருடைய ஆய்வுக்கூடம் முழுவதும் ஒரு மேசைமேல் அடங்கிற்று. அலையைச் செலுத்த உலோகக் குழாய். அதனை வாங்கிக்கொள்ளப் புனல் போன்ற வாய். குவிப்பதற்குக் கந்தக வில்லை. இரயில்வே கால அட்டவணைப் புத்தகம் ஒன்றின் ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தாளைச் செருகி, ஒரு திசையில் அதிரும் அலையை மட்டும் பிரித்தெடுக்கும் கருவியாக்கினார். முறுக்கிய சணலும் அவர் கையில் ஆய்வுப் பொருளாயிற்று! 1897ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இவ்வாராய்ச்சியைக் குறித்து அவர் உரையாற்றினார்.

எனினும், கடல் கடந்து செய்தி அனுப்புவதே அக்காலத்தார் வேட்கை. அதற்கு நீண்ட அலைகளே ஏற்றவை. ஆகவே சிறிய அலைகள் நெடுங்காலம் செய்தித் தொடர்புக்கு வேண்டாதனவாய் ஒதுங்கியிருந்தன. போசும் தாவரங்களின் உணர்ச்சியை ஆராயத் தலைப்பட்டார்.

கைப்பேசிகள் பெருகியபின் நிலைமை மாறியது. நீண்ட அலைகளுக்குரிய இடம், சந்தை நாளில் ஊர்த்தெருவைப் போல் நெரிசலுற்றது. சிறிய அலைகளின் பகுதியிலோ அகன்ற வெளி கிடந்தது. அங்கே ஒரே நொடியில் மிகுதியான செய்தியை அனுப்பலாம். 2022ஆம் ஆண்டில் இந்திய அரசு ஐந்தாம் தலைமுறைத் தொடர்புக்கென ஏலமிட்ட அலைவரிசைகளுள் ஒன்று, நொடிக்கு ஏறத்தாழ 2,600 கோடி முறை அதிர்வது. அதன் அலைநீளம் ஒன்றேகால் சென்டிமீட்டருக்கும் குறைவு.

ஆனால் எந்தச் சிறுமை நன்மை தந்ததோ, அதுவே இடையூறும் ஆயிற்று. இவ்வலையைச் சுவர் தடுக்கும்; மரத்தின் இலைகள் நலிவிக்கும்; பெருமழை மங்கச்செய்யும்; கருவியைப் பிடித்த கையும் மறைக்கும். ஆதலின் சில நூறு மீட்டருக்கு ஒன்றாகச் சிறு நிலையங்கள் வேண்டும். அலை சிறியதாகையால் அதனை வாங்கும் உறுப்பும் சிறியது. பலவற்றை ஒரு நாணயத்தளவு இடத்தில் வரிசையாகப் பதிக்கலாம். அவை ஒருங்கே இயங்கி, அலையை விளக்கின் ஒளிக்கற்றைபோல் வேண்டிய திசைக்குத் திருப்புகின்றன. விளையாட்டரங்கம், இரயில் நிலையம் போன்ற மக்கள் திரளும் இடங்களுக்கே இம்முறை பெரிதும் பொருந்தும். ஊரெங்கும் பரவும் பணியை இன்றும் இவற்றினும் நீண்ட அலைகளே செய்துவருகின்றன.