சுதந்திர தினத் தணலை மூட்டியவர்கள்

எது எங்கிருந்து வந்தது? – வாசகர் கேள்வி-பதில்

ஜூலை பிறந்தால் அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைகள் அனுப்பும் படங்களில் வீட்டுக் கொல்லைப்புறத்தில் புகையும் ஓர் இரும்பு அடுப்பு தவறாமல் இருக்கும். அந்த அடுப்பைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கே: அமெரிக்கச் சுதந்திர தினத்துக்கும் இறைச்சி சுடுவதற்கும் என்ன சம்பந்தம்? அரசு ஏற்படுத்திய வழக்கமா? – வாசகர், மதுரை

ப: அரசு ஏற்படுத்தியதில்லை. சுதந்திரத்துக்கு முன்பே ஊர்கள் வளர்த்த வழக்கம் இது. 18-ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவில் நீளக் குழி வெட்டி, விறகை எரித்துத் தணலாக்கி, முழுப் பன்றியை அதன் மேல் கிடத்திச் சுட்டு, ஊரே கூடி உண்பார்கள். 1769 மே மாதம் அலெக்சாண்ட்ரியாவில் அப்படியொரு பார்பிக்யூ விருந்துக்குப் போய் இரவு அங்கேயே தங்கியதை ஜார்ஜ் வாஷிங்டன் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1793 செப்டம்பர் 18 அன்று நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலுக்கு அவர் அடிக்கல் நாட்டினார். அன்றும் சுமார் 225 கிலோ எடையுள்ள ஒரு காளையைச் சுட்டுத்தான் விருந்து வைத்தார்கள்.

இதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், கோடையில் ஒரு மாட்டை அறுத்தால் உடனே சமைத்துத் தின்று தீர்த்தாக வேண்டும். ஒரு குடும்பத்தால் அது ஆகாது. நூற்றுக்கணக்கான வாய்கள் வேண்டும். சுதந்திரப் பிரகடனத்தை உரக்க வாசிக்கவும் சொற்பொழிவு கேட்கவும் 13 மாநிலங்களின் நினைவாக 13 முறை கோப்பை உயர்த்தவும் அத்தனை பேர் கூடிய நாள் ஜூலை 4. தேர்தலில் நிற்பவர்களும் இதே விருந்தை வைத்து வாக்குக் கேட்டார்கள். ஆக, ஊர்ப் பந்தியாகத் தொடங்கியதுதான் பின்னாளில் வீட்டுக் கொல்லைக்குள் வந்தது.

கே: குழியில் தணல் போட்டுச் சுடும் இந்த முறையை ஆங்கிலேயர்கள்தான் கொண்டு வந்தார்களா? – வாசகி, திருச்சி

ப: இல்லை. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்கள் பச்சைக் கழிகளால் பரண் கட்டி, அதன் மேல் மீனையும் இறைச்சியையும் வைத்து அடியில் மெல்லிய தீ மூட்டினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் அங்கே போன ஸ்பானியர்கள் அதைப் பார்த்து எழுதிவைத்தார்கள். வட அமெரிக்கப் பழங்குடிகளிடமும் இதே போன்ற பரண்கள் இருந்தன. ஐரோப்பியர் கொண்டு வந்தவை பன்றியும் மாடும் வினிகரும்.

இவையெல்லாம் சேர்ந்து தனிக் கலையாக உருவானது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கையில்தான். தென் மாநிலங்களில் குழி வெட்டியவர்கள், மரம் பிளந்தவர்கள், இரவெல்லாம் விழித்துத் தணல் தள்ளியவர்கள், எப்போது புரட்டுவது என்று அறிந்தவர்கள் பெரும்பாலும் அவர்களே. 1930-களில் அரசின் எழுத்தாளர் திட்டத்தினர், முன்னாள் அடிமைகளைத் தேடிச் சென்று அவர்களுடைய நினைவுகளைப் பதிவு செய்தார்கள். தென் கரோலினாவைச் சேர்ந்த வெஸ்லி ஜோன்ஸ் என்ற முதியவர் அதில் தம் சமையலை விவரிக்கிறார். விருந்துக்கு முந்தைய இரவு முழுவதும் தூங்காமல், நீளக் குச்சியின் முனையில் துணியைச் சுற்றி, வினிகர், மிளகு, மிளகாய், உப்பு, வெண்ணெய், வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி எல்லாம் கலந்த சாற்றை இறைச்சி மேல் தடவிக்கொண்டே இருப்பாராம். சொட்டும் சாறு தணலில் விழுந்து மசாலாப் புகையாக எழும்பி, மறுபடி இறைச்சியிலேயே ஏறும் என்கிறார். இந்தக் கலையின் சூத்திரம் முழுவதும் அந்த ஒரு விளக்கத்தில் இருக்கிறது. எல்லா மனிதரும் சமம் என்ற பிரகடனத்தை மேடையில் வாசித்தபோது, அந்த விருந்தைச் சமைத்த பலருக்கு அந்த வாசகம் பொருந்தவில்லை. இந்த உணவின் வரலாற்றை அதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

கே: கிரில் செய்வதும் புகையில் வேகவைப்பதும் ஒன்றுதானா? – வாசகர், கோயம்புத்தூர்

ப: இரண்டும் வேறு. கிரில் என்பது கம்பித் தட்டின் மேல், நேர்ச் சூட்டில், நிமிடக் கணக்கில் முடிகிற வேலை. சூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இறைச்சியின் மேற்பரப்பு 140 டிகிரியைக் கடந்ததும் அதிலுள்ள புரதமும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகின்றன. இந்த வினையை 1912-இல் விவரித்த பிரெஞ்சு அறிஞர் மையார்டின் பெயரால் இதை அழைக்கிறார்கள். ஹாம்பர்கர், சாசேஜ், கோழித் துண்டு, சோளக் கதிர் போன்றவற்றுக்கு இது ஏற்றது.

புகை முறையில் தீ ஒரு பக்கம், இறைச்சி இன்னொரு பக்கம். சூடு 110 முதல் 135 டிகிரிக்குள் நிற்க வேண்டும். நேரம் மணிக்கணக்கில் போகும். ஓக், ஹிக்கரி போன்ற கடின மரங்களின் புகைதான் மணம் தருகிறது. வெட்டிப் பார்த்தால் ஓரத்தில் ரோஜா நிற வளையம் தெரியும். வேகவில்லையோ என்று பலர் அஞ்சுகிறார்கள். புகையிலுள்ள வாயுக்கள் இறைச்சியின் நிறமியோடு சேர்ந்து அந்தச் சிவப்பை நிலைநிறுத்துகின்றன, அவ்வளவுதான்.

நிறத்தை நம்பாமல், இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானியை நம்புவதே பாதுகாப்பு. கோழி 74 டிகிரியும், கொத்திய மாட்டிறைச்சி 71 டிகிரியும் எட்ட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண்துறையின் விதி.

கே: டெக்சஸில் இருக்கும் என் மகன் பிரிஸ்கெட்டுக்காகக் கடை வாசலில் வரிசையில் நிற்கிறானாம். அப்படி என்ன விசேஷம்? – வாசகி, தஞ்சாவூர்

ப: பிரிஸ்கெட் என்பது மாட்டின் நெஞ்சுக்கறி. மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னுடலின் பாரத்தை நெஞ்சுத் தசைகளே தாங்குகின்றன. அதனால் அந்தக் கறி நார் நாராக, கெட்டியாக இருக்கும். அவசரமாகச் சமைத்தால் பல்லுக்கு அடங்காது. அதனாலேயே ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்தது.

19-ஆம் நூற்றாண்டில் மத்திய டெக்சஸில் குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் இறைச்சிக் கடை வைத்தார்கள். விற்காமல் மிஞ்சிய கறியைக் கெடவிடாமல் புகையில் வேகவைத்தார்கள். பருத்தி பறிக்க வந்த கறுப்பின, மெக்சிகத் தொழிலாளர்கள் அதைக் கறி சுற்றும் காகிதத்திலேயே வாங்கிச் சாப்பிட்டார்கள். தட்டில்லாமல் காகிதத்தில் பரிமாறும் வழக்கம் இன்றும் அங்கே உண்டு. லாக்ஹார்ட் ஊரிலுள்ள க்ராய்ட்ஸ் மார்க்கெட் 1900-இல் தொடங்கியது. அதே ஊரின் பிளாக்ஸ் கடை 1932-இல். பிரிஸ்கெட்டை மட்டும் தனியே எடுத்துச் சமைப்பது பரவலானது அதற்கும் பின்னால்தான்.

மசாலா உப்பும் மிளகும்தான். மற்றதெல்லாம் பொறுமை. சுமார் 70 டிகிரியில் கறியின் உட்சூடு ஏறாமல் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். கறியிலிருந்து ஆவியாகும் ஈரம், உடலை வியர்வை குளிர்விப்பது போல, அதைக் குளிர்விப்பதே காரணம். புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் பயந்து தீயைக் கூட்டிக் கெடுக்கிறார்கள். காத்திருந்தால் நாரிலுள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகும். உட்சூடு 95 டிகிரியை நெருங்கும்போது விரலால் பிட்டு எடுக்கலாம். இதற்கு 12 மணி நேரம், சில வேளை அதற்கும் மேல் ஆகும்.

கே: ஒரே பார்பிக்யூ மாநிலத்துக்கு மாநிலம் ருசி மாறுவது ஏன்? – வாசகர், சேலம்

ப: எந்த ஊருக்கு யார் வந்தார்கள், அங்கே எது கிடைத்தது என்பதைப் பொறுத்தது அது. வட கரோலினாவின் கிழக்கே முழுப் பன்றியும் வினிகர்-மிளகாய்ச் சாறும். பழைய முறைக்கு மிக நெருக்கமானது இதுவே. தென் கரோலினாவின் ஒரு பகுதியில் கடுகு சாஸ். அங்கே குடியேறிய ஜெர்மானியரின் ருசி என்பார்கள். மெம்பிஸில் பன்றி விலாவுக்குப் பொடி மசாலா. அலபாமாவின் டெகேட்டர் நகரில் 1925-இல் தொடங்கிய பிக் பாப் கிப்சன் கடை, கோழியை மயோனைஸும் வினிகரும் கலந்த வெள்ளை சாஸில் முக்கித் தருகிறது. கென்டக்கியின் ஓவன்ஸ்பரோவில் நம்மவர்களுக்குப் பிடித்த செம்மறியாட்டுக்கறி! கம்பளிக்காக வளர்த்த ஆடுகள் முதிர்ந்தபின் அவற்றின் கெட்டியான கறியைப் பதமாக்கப் புகையே வழியானது.

கான்சஸ் சிட்டியில் இதைத் தொழிலாக நிலைநிறுத்தியவர் ஹென்றி பெரி. மெம்பிஸ் பக்கமிருந்து வந்த கறுப்பினத்தவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சந்தில் கடை போட்டு, சுட்ட இறைச்சியைச் செய்தித்தாளில் சுற்றி விற்றார். புகழ்பெற்ற ஆர்தர் பிரையன்ட் கடை அவருடைய வழியில் வந்ததுதான். தெற்கிலிருந்து வேலை தேடி நகரங்களுக்குப் போன கறுப்பின மக்களோடு இந்தக் கலையும் நாடெங்கும் போயிற்று.

கே: ஹாம்பர்கரையும் ஹாட் டாக்கையும் கண்டுபிடித்தது யார்? – மாணவர், திருநெல்வேலி

ப: ஹாம்பர்கருக்கு உரிமை கோரும் ஊர்கள் பல. விஸ்கான்சினின் சீமோர் 1885 என்கிறது. நியூ ஹேவனின் லூயிஸ் லஞ்ச் கடை 1900 என்கிறது. டெக்சஸின் ஏதென்ஸும் போட்டியில் இருக்கிறது. வழக்கு இன்னும் தீரவில்லை. கொத்துக்கறியைத் தட்டிச் சமைக்கும் ருசி ஜெர்மானியக் குடியேறிகளோடு வந்தது என்பதும், 1921-இல் விச்சிட்டாவில் பிறந்த ஒயிட் காசில் அதைக் கடைத்தெருப் பண்டமாகப் பரப்பியது என்பதும் உறுதி.

ஹாட் டாக்கின் மூலம் பிராங்க்ஃபர்ட், வியன்னா நகரங்களின் சாசேஜ். போலந்திலிருந்து வந்த யூதரான நாதன் ஹேண்ட்வெர்க்கர் 1916-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் கடை திறந்து, ஒன்று 5 சென்ட்டுக்கு விற்றார். ஜூலை 4 அன்று அங்கே நடக்கும் தின்னும் போட்டி 1916-லேயே தொடங்கியது என்ற கதை விளம்பரத்துக்காகப் புனைந்தது. அதைப் புனைந்தவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 1939 ஜூனில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தம் ஹைட் பார்க் வீட்டில் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கு ஹாட் டாக் பரிமாறியது மட்டும் நிஜம்.

கே: தலையணை வடிவில் வரும் கரித்துண்டும் மூடி போட்ட உருண்டை அடுப்பும் எப்படி வந்தன? – வாசகர், சென்னை

ப: கரித்துண்டு கார் தொழிற்சாலையின் மிச்சம். மாடல் டி காருக்கு அன்று நிறைய மரம் தேவைப்பட்டது. 1920-களின் தொடக்கத்தில், மிச்சிகனிலிருந்த தம் மர ஆலைகளில் குவிந்த மரக்கழிவையும் தூளையும் வீணாக்க மனமில்லாத ஹென்றி ஃபோர்டு, அவற்றைக் கரியாக்கி, மாவுப்பசை சேர்த்து அச்சில் அழுத்தி, தம் கார் விற்பனை நிலையங்களிலேயே விற்றார். காட்டு நிலம் வாங்க உதவிய உறவினர் எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டின் பெயர்தான் பின்னாளில் அந்தக் கரிக்கு நிலைத்தது.

1952-இல் சிகாகோவில் மிதவைகள் செய்யும் உலோகப் பட்டறையில் இருந்த ஜார்ஜ் ஸ்டீபன், ஓர் உலோகக் கோளத்தை இரண்டாக வெட்டி, கீழ்ப் பாதியை அடுப்பாகவும் மேல் பாதியை மூடியாகவும் ஆக்கினார். மூடியால் காற்றும் மழையும் அண்டாமல் சூடு உள்ளேயே சுழன்றது. துளைகளைத் திறந்து மூடித் தீயைக் கட்டுப்படுத்த முடிந்தது. போருக்குப் பின் புறநகர்களில் புல்வெளியோடு லட்சக்கணக்கான வீடுகள் எழுந்த சமயம் அது. ஊர்க் குழி வீட்டு அடுப்பானது அப்போதுதான்.

கே: நாங்கள் மாடும் பன்றியும் சாப்பிடுவதில்லை. எங்களுக்கு ஏற்றது எதுவும் இந்த மரபில் உண்டா? – வாசகி, நியூ ஜெர்சி

ப: தாராளமாக உண்டு. வடமேற்குக் கரையின் பழங்குடிகள் சால்மன் மீனைப் பிளந்து, தேவதாருச் சிம்புகளால் விரித்து நிறுத்தி, கம்பில் செருகி, ஆல்டர் மரத் தீயைச் சுற்றி நட்டுச் சுடுகிறார்கள். குளிர்காலத்துக்குப் புகையில் உலர்த்தியும் வைக்கிறார்கள். கொலம்பியா ஆற்றில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்த செலைலோ அருவி 1957-இல் அணை நீரில் மூழ்கியது, சமையல் மூழ்கவில்லை. தோலோடு தணலில் சுடும் சோளக் கதிரும் பழங்குடிகள் தந்ததே. ஜூலை 4 வார இறுதியில் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் தமிழ் விழா நடக்கிறது. அந்த விடுமுறைக்குக் கூடும் நம் வீடுகளில் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தடவிய சோளம் அந்த அடுப்பில் ஏறினால், அது அந்த மண்ணின் மிகப் பழைய உணவோடு சேர்ந்த ருசி.

கே: ஜூன் 19-உம் அங்கே விடுமுறையாமே? அன்றும் இதே சமையலா? – வாசகர், புதுச்சேரி

ப: ஆம், அன்றைக்குத்தான் இந்தச் சமையல் முழுப் பொருள் பெறுகிறது. அடிமை விடுதலைப் பிரகடனம் 1863-லேயே வந்துவிட்டாலும், டெக்சஸின் கால்வெஸ்டனில் அது நடைமுறையாக அறிவிக்கப்பட்டது 1865 ஜூன் 19 அன்று. அடுத்த ஆண்டிலிருந்தே விடுதலை பெற்றவர்கள் அந்த நாளைக் கொண்டாடினார்கள். பொது இடங்களில் அவர்களுக்கு அனுமதி கிடைப்பது அரிதாக இருந்ததால், ஹூஸ்டனில் 1872-இல் பணம் திரட்டி 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அதுதான் இன்றைய எமன்சிபேஷன் பூங்கா. சுட்ட இறைச்சி, காரமான சாசேஜ், தர்பூசணி, சிவப்புப் பானம் ஆகியவை அன்றைய பந்தி. புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லிகளைக் காய்ச்சும் மேற்கு ஆப்பிரிக்கப் பானத்தின் தொடர்ச்சியாக அந்தச் சிவப்பை உணவு வரலாற்றாளர்கள் பார்க்கிறார்கள். 2021-இல் இது தேசிய விடுமுறையானது.

எசமானின் விருந்துக்காக இரவெல்லாம் தணல் காத்தவர்கள், முதல் முறையாகத் தங்களுக்காகத் தணல் மூட்டிய நாள் அது. அமெரிக்கக் கோடையில் யார் வீட்டுக் கொல்லையில் அடுப்பு எரிந்தாலும், அதில் வேகும் அறிவு பழங்குடிகளுக்கும் அடிமைப்பட்டிருந்தவர்களுக்கும் கைப்பொருளின்றிக் கப்பலில் வந்திறங்கியவர்களுக்கும் உரியது. அந்தச் சாப்பாட்டைப் பிள்ளைகளுக்குப் பரிமாறும்போது இவர்களின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.