நாற்காலிப் பணியும் முதுகுவலியும்: இடைவேளைப் பயிற்சி

முதுகுவலி என்றதும் மூட்டை சுமப்பவரும் வயலில் குனிந்து நிற்பவருமே நம் நினைவுக்கு வருகின்றனர். காலை முதல் மாலை வரை நாற்காலியை விட்டு எழாதவருக்கும் அதே வலி வருகிறது. அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ தருமபுரிக்குப் பேருந்தில் உட்கார்ந்து வந்து, வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ நாளெல்லாம் உட்கார்ந்து பணியாற்றி, மீண்டும் உட்கார்ந்தே வீடு திரும்புவோர் நம்மிடையே பலர். இது கணினி கொண்டுவந்த புதிய நோயன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழில்வழி நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் விரிவான பதிப்பில், ஓயாது உட்கார்ந்து எழுதும் எழுத்தர்களின் உடல் துன்பங்களையும் எடுத்துரைத்துள்ளார்.

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்துள்ள வட்டுகளுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. மக்கள் ‘டிஸ்க்’ என்று சொல்வது இவற்றைத்தான். சுற்றியுள்ள திசுக்களிலிருந்து ஊறி வரும் சத்தே இவற்றுக்கு உணவு. உடல் அசையும்போது அந்த ஊற்று நன்கு நடைபெறுகிறது. முதுகைத் தாங்கும் தசைகளோ ஒரே நிலையில் நெடுநேரம் இறுகியிருந்தால் களைத்து வலிக்கத் தொடங்குகின்றன. ஆகவே, ‘நிமிர்ந்து உட்கார்’ என்னும் அறிவுரை பாதி உண்மையே. எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்தாலும் இரண்டு மணி நேரம் அசையாதிருந்தால் முதுகு வருந்தும்.

பாங்காக் நகரில் 193 அலுவலகப் பணியாளர்களிடம் ஆறு மாதம் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2021இல் வெளிவந்தது. ஒப்பீட்டுப் பிரிவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் புதிதாக இடுப்பு வலி தோன்றியது. அடிக்கடி எழுந்து நடமாடியவர்களிடமும், இருக்கையிலேயே நிலை மாற்றிக்கொண்டவர்களிடமும் அது பத்தில் ஒருவருக்கும் குறைவாக இருந்தது. வலி வந்தபின் எழுவதைவிட, வருமுன் எழுவதே பயன் தருகிறது என்பதை இதிலிருந்து அறியலாம்.

நம் நாட்டிலும் ஆயுஷ் அமைச்சகம் ‘ஒய்-பிரேக்’ என்னும் ஐந்து நிமிட யோகப் பயிற்சியை வகுத்து, 2021 செப்டம்பரில் கைப்பேசிச் செயலியாகவும் வெளியிட்டது. மத்திய அரசு ஊழியர்கள் அதனைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தப்பட்டது. நின்றபடி கைகளை உயர்த்துதல், தோள்களைச் சுழற்றுதல், இடுப்பைத் திருப்புதல், பின்னும் முன்னும் வளைதல், மூச்சுப் பயிற்சி என்பன அதில் அடங்கும். விரிப்போ மாற்றுடையோ தேவையில்லை.

அரைமணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம் எழுந்து நிற்பதே முதற்படி. அவ்வாறு எழும்போது பாதங்களைச் சற்று அகற்றி, கைகளை இடுப்பின் பின்புறம் ஊன்றி, மேலுடலை மெல்லப் பின்னே சாய்த்து மீளவும். ஐந்து முறை போதும். பிறகு குதிகால்களைப் பத்து முறை உயர்த்தித் தாழ்த்தலாம். மூச்சை அடக்க வேண்டா. பின்னே சாயும்போது வலி காலுக்கு இறங்கினால் அப்பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். தலைசுற்றல், உயர் இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலை தாழக் குனிதலைத் தவிர்க்க. கர்ப்பிணிகளும் அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

எதிரே மக்கள் வரிசையில் நிற்கும்போது எப்படி எழுவது என்று கேட்பவர் உண்டு. அத்தயக்கம் நியாயமானதே. கைப்பேசியில் நின்றபடி பேசலாம். கோப்பினை உதவியாளரிடம் சொல்லாமல் தாமே சென்று எடுக்கலாம். ரசீதை எழுந்து நின்று கொடுக்கலாம். பெண் ஊழியர்களுக்கு மற்றொரு இடர்ப்பாடு உள்ளது. தூய கழிவறை அருகில் இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். எழுவதற்கான இயல்பான வாய்ப்பும் அதனால் போய்விடுகிறது. இதனைச் சீர்செய்வது அலுவலகத் தலைமையின் கடமை. தனியொருவரின் மனவுறுதியால் ஆவதன்று.

வீட்டாருக்கும் ஒரு சொல். ‘அசையாமல் படுத்தே இரு’ என்பது அன்பினால் எழும் சொல்லாயினும், பெரும்பாலான இடுப்பு வலிக்கு அது பொருந்தாது. தாங்கும் அளவுக்கு நடமாடுவதே நலம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. மருந்துக் கடையில் தாமாகவே பட்டை வாங்கி அணிவோர் இதைக் கருதுவாராக.

எல்லா முதுகுவலியும் இருக்கையால் வருவதன்று. காய்ச்சலுடன் வலி, காரணமின்றி எடை குறைதல், இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி, முன்னர்க் காசநோயோ புற்றுநோயோ வந்திருத்தல், கீழே விழுந்தபின் தோன்றிய வலி ஆகியவை இருப்பின் பயிற்சியைத் தொடங்காமல் மருத்துவரைக் காண வேண்டும். கால் வலுவிழத்தல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல், அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் நேர்ந்தால் மறுநாள் வரை காத்திராமல், இரவாயினும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.