ஹனுக்கா: விளக்கும் பம்பரமும்

கி. மு. 164இல் யூதா மக்கபே எருசலேம் தேவாலயத்தை மீட்டுச் சுத்திகரித்ததை நினைவுகூரும் யூதர் பண்டிகை ஹனுக்கா. யோவான் சுவிசேஷத்துப் பத்தாம் அதிகாரத்தின் பிரதிஷ்டைப் பண்டிகை இதுவே. ஒருநாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்ததெனத் தல்மூத் கூறும். ஆகவே எண்ணெயிற் பொரித்த பலகாரங்களுக்குக் குறைவில்லை. (வயிற்றுக்கு இசைந்த வியாக்கியானம் எளிதிற் கிடைக்குமன்றோ!)

பம்பரத்தின் நான்கு முகங்களிலும் நூன், கிமெல், ஹே, ஷின் என்னும் எழுத்துக்கள் உள. 'அங்கே பெரிய அற்புதம் நடந்தது' என்னும் எபிரெய வாக்கியத்தின் முதலெழுத்துக்கள் அவை என்பர் பெரியோர். பிள்ளைகளோ அவற்றை யித்திஷ் மொழியில் 'ஒன்றுமில்லை, முழுதும், பாதி, வை' என வாசித்துக் கொட்டைகளைப் பந்தயம் வைத்தாடுவர்.

விளக்கை வீதியார் காண வைத்தல் விதி. ஆபத்துக்காலத்தில் மேசைமேல் வைத்தலே போதுமெனத் தல்மூத் இடங்கொடுக்கிறது. எனினும் 1931இல் ஜெர்மனியின் கீல் நகரத்து ரபீ ஒருவரின் வீட்டார், எதிர்க் கட்டிடத்தில் நாத்சிக் கொடி தொங்கவும், தங்கள் விளக்கைச் சன்னலிலேயே வைத்தனர்.