பரிவு லேப்டாப்பில் வராதாம்!

“பரிவு கூடவே பிறக்கணும் தீதி. அதையெல்லாம் லேப்டாப்பில் சொல்லித்தர முடியாது.”

கொல்கத்தாவில் மனநல ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகும் இடமெல்லாம் இதைக் கேட்டுவிட்டேன். டாக்டர்கள் சொல்கிறார்கள், பேராசிரியர்கள் சொல்கிறார்கள். போன மாதம் லேக் மார்க்கெட்டில் பார்த்த நம்மூர்க்காரர் ஒருவரும் சொன்னார். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

பிறவிக்குணம் என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் கற்க வேண்டாம், யாரையும் சோதிக்கவும் வேண்டாம். நோயாளி மனம் நொந்து பாதியில் எழுந்து போனாலும் யாருக்கும் பொறுப்பில்லை. இந்தப் பேச்சின் மேல் எனக்கு இருக்கும் கோபம் அதனால்தான்.

சிகிச்சை உறவு என்பதை நமக்குக் காட்டிக்கொடுத்ததே ஒரு இயந்திரம். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் ஒரு நோயாளியின் சிகிச்சை முழுவதையும் இசைத்தட்டில் பதிவு செய்து, சொல் விடாமல் 1942-ல் புத்தகத்தில் அச்சிட்டார். அதுவரை அறைக்குள் நடந்ததற்குச் சிகிச்சையாளரின் ஞாபகம்தான் சாட்சி. பதிவைக் கேட்ட பிறகுதான், தாங்கள் நினைத்ததைவிட எவ்வளவு அதிகமாக நோயாளியை இழுத்துக்கொண்டு போகிறோம் என்று சிகிச்சையாளர்களுக்கே தெரிந்தது.

2009-ல் டிமதி ஆண்டர்சன் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. முரண்டு பிடிக்கும் நோயாளிகளின் சின்னச் சின்ன வீடியோக்களைச் சிகிச்சையாளர்களுக்கு ஓட்டிக் காட்டி, அந்த இடத்திலேயே பதில் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். 25 சிகிச்சையாளர்கள், அவர்களிடம் வந்த 1,141 பேர். வீடியோவுக்கு நன்றாகப் பதில் சொன்னவர்களிடம் வந்தவர்கள்தான் கூடுதலாகத் தேறினார்கள்.

அளக்கலாம் சரி, கற்றுத்தரவும் முடியுமா? மத்தியப் பிரதேசத்தின் சேஹோர் மாவட்டத்தில் சங்கத் அமைப்பு ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்களில் ஒரு பகுதியினருக்கு நேரிலும், மற்றவர்களுக்கு ஸ்மார்ட்போனிலும் மனச்சோர்வுக்கான சிகிச்சையைக் கற்றுக்கொடுத்தது. 2020-ல் வந்த முடிவில் இரு தரப்பினரும் முன்னேறியிருந்தார்கள்; குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. அது சிறிய ஆய்வு, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. எனக்கும் அது போதாது. அதனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

சிலிகுரியிலிருந்து ஒரு இளம்பெண் ஜூமில் பயிற்சிக்கு வந்தார். சக மாணவி ஒருவர் வயதான அம்மாளாக நடித்து, “பையன் போனே பண்றதில்லை” என்றார். இவர் உடனே, “கவலைப்படாதே, எல்லாம் சரியாயிடும்” என்றார். அதுவும் ‘துமி’ (நீ) போட்டு. அந்த வயதுக்காரரை முதல் சந்திப்பில் வங்காள மொழியில் ‘ஆப்னி’ (நீங்கள்) என்றுதான் கூப்பிட வேண்டும். பதிவை ஓட்டிக் காட்டி, அந்த இடத்தில் நிறுத்தினேன். எதிரில் இருப்பவரின் கண் கீழே போயிருந்தது. “நானா இப்படிப் பேசினேன்?” என்றார். நான் வாயால் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பார்.

மறுமுறை “மாஷிமா” என்று ஆரம்பித்தார். ‘ஆப்னி’ வந்தது. பதில் சொல்லாமல் ஐந்து விநாடி காத்திருந்தார். நடித்த பெண் நான் எழுதிக்கொடுக்காத ஒன்றைத் தானாகச் சொன்னார்: “மணி அடிச்சா இன்னும் ஓடித்தான் போறேன்.” இருவரும் வெவ்வேறு ஊரில் இருந்தார்கள். இதற்குப் பெயர் உறவில்லையா?

தூரத்திலிருந்து கற்பதை இழிவாகப் பேசக் கொல்கத்தாவுக்கு உரிமையே கிடையாது. 1922-ல் பார்சிபாகான் சந்து 14-ஆம் எண் வீட்டில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், ஃபிராய்டை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. இருவருக்கும் இருந்த தொடர்பு தபாலில்தான்.

பயிற்சி பற்றிய மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. வீடியோ பார்த்துச் சான்றிதழ் வாங்கினால் போதும் என்பது தவறு. 2004-ல் வில்லியம் மில்லர் குழு 140 சிகிச்சையாளர்களை வைத்துச் சோதித்தது: பயிலரங்கோடு நின்றவர்களைவிட, அதன்பின் தங்கள் பதிவுகளுக்குத் திருத்தமும் வழிகாட்டலும் பெற்றவர்கள் நன்றாகச் செய்தார்கள். அனுபவம் கூடினால் கை தானாகத் தேறும் என்பதும் தவறு. 2016-ல் வந்த ஆய்வில் 170 சிகிச்சையாளர்களின் பலன் ஆண்டுகள் ஏற ஏறச் சராசரியாகக் கொஞ்சம் குறையத்தான் செய்தது. பயிற்சிக்கென்று நிஜ நோயாளியை மொபைலில் படம் பிடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அவரைக் கேட்காமல் பிடிக்கவே கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. நடித்துப் பழகுங்கள்.

எனக்கு உண்மையான கவலை வேறு. என் கைக்கு வரும் பயிற்சி வீடியோக்கள் பெரும்பாலும் ஆங்கிலம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸின் 14416-ல் 20 மொழிகளில் பேசலாம். எடுத்துப் பேசுகிறவர் எந்த மொழியில் பழகினார்? வங்காளி “மோன் கேமோன் கொர்ச்சே” என்பார். நம் ஊரில் “மனசு ஒரு மாதிரியா இருக்கு” என்பார்கள். ‘ஒரு மாதிரி’ என்றால் என்ன என்று அவரைக் கூச்சப்படுத்தாமல் எப்படி விசாரிப்பது? எந்த ஆங்கில வீடியோவிலும் அது இல்லை. ஒரு நல்ல நடிகை, ஒரு கேமரா, இரண்டு நிமிடம் போதும். மதுரையிலோ ஜாதவ்பூரிலோ யாராவது எடுக்க முன்வந்தால், வசனம் நான் எழுதித் தருகிறேன்.