ராத்திரி பதினொரு மணிக்கு ரிப்ளை போடாதீங்க!

தட்டுல வெச்ச தயிர்சாதம் லேப்டாப் பக்கத்துலயே காய்ஞ்சு கிடக்கு. நீங்க என்னடான்னா, "இதைக்கூடப் பார்க்கத் தெரியாதா?"ன்னு டீம் சாட்ல எல்லாரும் பார்க்கத் தட்டிக்கிட்டு இருக்கீங்க. முதல்ல கையை எடுங்க. சாப்பிடுங்க. பதினெட்டு வருஷமா ஐ.டி.யில பார்க்கிறேன், ராத்திரிக் கோபத்துல பாதி பசி, மீதி தூக்கமில்லாதது.

1. திட்டணும்னா நோட்பேட்ல திட்டுங்க. சாட் பாக்ஸ்ல வேண்டாம், விரல் தானா என்டரைத் தட்டிடும். காலையில காபி குடிச்சிட்டுப் படிங்க, பாதியை நீங்களே அழிப்பீங்க. லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் பல வருஷமா மெயில்ல ஆளுங்களைக் காய்ச்சி எடுத்தவர். 2018 செப்டம்பர்ல பகிரங்கமா மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்துட்டுத்தான் திரும்பினார்.

2. கோட் ரிவ்யூல கோடைப் பத்தி மட்டும் பேசுங்க. "இங்க வேல்யூ காலியா வந்தா உடையும்", அவ்வளவு போதும். ஒரு வார்த்தை சுருக்குனு பட்டதுல, எங்க டீம்ல ஒரு ஜூனியர் பொண்ணு ஒரு மாசம் சந்தேகமே கேட்கலை. கேட்காம விட்ட ரெண்டு பக் ப்ரொடக்‌ஷனுக்கே போயிடுச்சு.

3. முடியலைன்னா முன்னாடியே சொல்லுங்க. அப்படிச் சொல்றவங்களை விரட்டாதீங்க. ஃபைலைச் சுருக்குற எக்ஸ்-இசட் மென்பொருளைச் சம்பளமில்லாம பார்த்துக்கிட்டவர் லாஸ்ஸே காலின். மனநலப் பிரச்சினையால வேகமா செய்ய முடியலைன்னு 2022லயே சொன்னார். அப்பவும் "ஏன் இவ்வளவு லேட்?"னு சிலர் நச்சரிச்சாங்க. உதவிக்கு வந்த மாதிரி நடிச்ச ஒருத்தர் பொறுப்பை வாங்கிக்கிட்டு, அந்த மென்பொருள்ல ரகசியப் பின்வாசல் வெச்சுட்டார். லாகின் அரை செகண்ட் தாமதமாகுதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ங்கிற இன்ஜினியர் தோண்டிப் பார்த்ததால, அது 2024 மார்ச்ல மாட்டுச்சு. களைச்ச மனுஷனை நெருக்கினா இதுதான் நடக்கும்.

4. ஆன்-கால்ல ராத்திரி முழிச்சா, மறுநாள் லீவை அன்னைக்கே மெயில்ல கேளுங்க. வாய்வார்த்தை நிக்காது. கம்பெனி மேல கோபத்தை லிங்க்ட்இன்ல கொட்டாதீங்க. தேதி, மணி நேரம் எழுதி மேனேஜர்கிட்ட கொடுங்க.

5. தீராத அசதி, வேலை மேலயே வெறுப்பு, எது செஞ்சாலும் உருப்படியா வரலைங்கிற எண்ணம். இந்த மூணையும்தான் 2019ல உலக சுகாதார நிறுவனம் 'பர்ன்அவுட்'டோட அடையாளமாச் சொல்லுச்சு. ரெண்டு வாரமா தூக்கம் சரியில்லைன்னா டாக்டரைப் பாருங்க. கூச்சமா இருந்தா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.