வரமா, முயற்சியா?

கேள்வி: விசுவாசம் தேவன் அருளும் வரமா, மனித முயற்சியின் பலனா? வரமென்றால், ஜெபத்தில் மனமே ஒன்றாத நான் என்ன செய்வது? (ஒரு வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: ஜெபத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், அம்மா, விசுவாசம் வேண்டுமென்று தவிக்கிறீர்களே, அந்தத் தவிப்பே வரம் உங்களை வந்தடைந்ததற்கு அடையாளம். விசுவாசத்தின் தொடக்கம் நம்முடையதே என்று முதலில் எண்ணியிருந்த அகுஸ்தீனார், பிற்காலத்தில் அக்கருத்தைத் தாமே திருத்திக்கொண்டு, முதல் துளிர்ப்பும் கிருபையே என்று ஸ்தாபித்தார். 529-ஆம் ஆண்டு, இன்றைய பிரான்சின் தென்பகுதியிலுள்ள ஒராஞ்சு நகரில் கூடிய ஆயர்கள், விசுவசிக்க விழையும் ஆசையையும் அக்கிருபையின் கொடையாகவே கணக்கிட்டார்கள்.

அப்படியானால் நமக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. கேட்பது நம் வேலை. மாற்கு சுவிசேஷத்தின் 9-ஆம் அதிகாரத்தில், சிறுவயதுமுதல் தீயிலும் தண்ணீரிலும் விழுந்து அவதியுற்ற மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன், விசுவசிக்கிறேன் என்று கதறிய அதே மூச்சில், தன் அவிசுவாசம் நீங்கவும் உதவி கேட்டான். அந்தக் குறை விசுவாசத்தை ஆண்டவர் தள்ளிவிடவில்லை, பிள்ளை சுகமடைந்தான். எனவே தினந்தோறும் வழக்கமான வேளையில் முழந்தாளிடுங்கள். வார்த்தை வராத நாட்களில் அந்தத் தகப்பனின் விண்ணப்பத்தையே உங்களுடையதாகச் சொல்லுங்கள், அதுவே போதும்.