அயலவருக்குப் போகும் நத்தார் கேக்

நத்தாருக்கு நாம் சுடும் கேக் நம் வீட்டாருக்கு மட்டுமா? சம்மாந்துறை, கல்முனைப் பகுதிகளில் நம் அயலவருள் பலர் முஸ்லிம்கள். பெருநாளில் அவர்களுடைய வட்டிலப்பம் நமக்கு வருகிறது. நத்தாரில் நம் பலகாரத் தட்டு அங்கே போகிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுத் தாக்குதல்களின் பின், நாட்டின் பல ஊர்களில் இந்த உறவினிடையே ஐயம் புகுந்தது. அதைப் போக்க வாய்ப்பேச்சு மட்டும் போதாது.

புனித சின்னப்பர், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 8ஆம் அதிகாரத்தில், நம் உணவு சகோதரனுக்கு இடறலாகக் கூடாது என்று கற்பிக்கிறார். அங்கே பேசப்படுவது சிலைகளுக்குப் படைத்த இறைச்சி. எனினும், பிறர் மனச்சாட்சியை மதிக்க வேண்டும் என்னும் பாடம் நமக்கும் உரியதே.

பிராந்தியில் பழவற்றல் ஊறவைத்த கேக் முஸ்லிம்களுக்கு ஆகாது. அதை மறைத்துக் கொடுப்பது அன்பன்று, வஞ்சனை. தோடம்பழச் சாற்றில் ஊறவைத்தாலும் கேக் சுவையாகவே இருக்கும்; ஆனால் நெடுநாள் வைக்காமல் சில நாட்களுக்குள் உண்டு முடிக்க வேண்டும். ரவை, கஜு, முட்டை, பட்டர் யாவும் வழக்கம்போலவே சேர்க்கலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏடு, முஸ்லிம்களை மதிப்புடன் நோக்கவும், அவர்கள் அன்னை மரியாளைப் போற்றுவதை நினைக்கவும் நம்மை அழைக்கிறது.

பெற்றோரே, இவ்வருடம் நமக்கு வேறு, அவர்களுக்கு வேறு என்று சுடாதீர்கள். பிராந்தி சேர்க்காத காரணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அயலவரை வீட்டுக்கு அழைத்து, இஞ்சித் தேநீரும் கேக்கும் கொடுத்து, உடன் அமர்ந்து உண்ணுங்கள்.